கூடையைத் திறந்தவன்

கழிப்பறையிலிருந்து ஈரக் கையை உதறிக்கொண்டே வந்தவள், காரின் பின்கதவு திறந்து கிடப்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் பூனைக்கூடையின் கம்பிக் கதவும் திறந்திருந்தது. கூடைக்குள் நனைந்த துண்டு மட்டும் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் நின்ற கணவன், குனிந்து காருக்கு அடியில் பார்ப்பதும், நிமிர்ந்து பெட்ரோல் பங்க் முழுக்கக் கண்ணை ஓட்டுவதுமாக இருந்தான். அவன் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லத் தேவையில்லை. முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

"எங்க?" என்றாள்.

"அழுதுக்கிட்டே இருந்துச்சும்மா. பாவமா இருந்துச்சு. கொஞ்சம் காத்து வாங்கட்டும்னு லேசாத்தான் திறந்தேன்."

"எங்கன்னு கேட்டேன்."

லாரிகள் வரிசையாக நிற்கும் பக்கம் கையைக் காட்டினான். காட்டிய கையில் நீளமாகக் கீறல், ரத்தம் துளிர்த்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வரவில்லை. நல்லா வேணும் என்றுதான் தோன்றியது. காரைவிட்டு இறங்கும்போது சொல்லிவிட்டுத்தானே போனாள்? என்ன கத்தினாலும் திறக்காதீங்க, புது இடம், மிரண்டு ஓடிடும் என்று படித்துப் படித்துச் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்கு.

காலையிலிருந்தே பயணம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. பூனையைக் காரில் ஏற்றிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போவது என்றால் என்னவென்று பட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கூடைக்குள் தள்ளுவதற்கே வீடு போர்க்களமானது. கால்நடை மருத்துவர் கொடுத்த மயக்க மாத்திரையை மீன் துண்டுக்குள் பொதித்து வைத்தாள். மீனைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் பத்திரமாகக் கணவனின் செருப்பில் துப்பியது. ஊர் எல்லை தாண்டும் முன்னே துண்டை நனைத்தது. அடுத்த பெரிய வளைவில் வாந்தி. சன்னலைத் திறந்தால் லாரிச் சத்தத்துக்கு மிரண்டது. மூடினால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. பிறகு கத்தல் ஆரம்பித்தது. கதைப் புத்தகத்தில் மியாவ் என்று எழுதுவார்களே, அந்தக் கதையெல்லாம் இல்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்து, யாரோ கழுத்தைத் திருகுகிற மாதிரி, நிறுத்தாமல். ஒவ்வொரு கத்தலுக்கும் கணவன் தோளைக் குறுக்கிக்கொண்டு "ச்சோ, ச்சோ" என்றான். ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க என்று அவள் எத்தனை தடவை சொன்னாளோ, அவளுக்கே நினைவில்லை.

அழுகைச் சத்தம் கேட்டால் அவனுக்குத் தாங்காது. நல்ல குணம்தானே என்பீர்கள். கல்யாணமான புதிதில் அவளும் அப்படித்தான் நினைத்துப் பூரித்துப்போனாள். அவனுடைய அண்ணனைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அண்ணன் ஆறடி ஆள், பெயிண்ட் கடை வைத்திருக்கிறார், மீசையைப் பார்த்தால் பத்துப் பேரை அடிப்பார் என்று தோன்றும். அந்த மனிதர் போனில் அழுவார், அதுவும் விக்கி விக்கி. ஒருமுறை அழுதார், இவனுடைய பைக் அங்கே போய்ச் சேர்ந்தது. இன்னொருமுறை அழுதார், அவர் பிள்ளைகள் விடுமுறை முழுக்க இங்கே வந்து டேரா போட்டார்கள். போன மாதம் மறுபடியும் அழுதார். கடையைத் தனியாகப் பார்க்க முடியவில்லை, கூடப் பிறந்தவன் பக்கத்தில் இருந்தால் தெம்பாக இருக்கும், குடும்பத்தோடு வந்துவிடு என்றார். இவன் போனைக் காதில் வைத்தபடியே சமையலறை வாசலில் வந்து நின்று, "உனக்குச் சம்மதம்தானே?" என்று கேட்டான். கேட்கும்போதே கண் கலங்கியிருந்தது. அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். "ம்" என்றாள். அந்த ஒற்றை எழுத்தில் வீடு காலியாகிவிட்டது.

அவள் பல் செய்கிறவள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்து, மெழுகில் செதுக்கி, பல் செட் கட்டிக்கொடுக்கும் கூடத்தில் வேலை. சன்னலோரம் அவளுக்கென்று ஒரு மேசை. அச்சில் வரும் பல்லைப் பார்த்தே ஆளைச் சொல்வாள். இவர் நகம் கடிக்கிறவர், இவர் தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறவர். ஒருநாள் வேலை குறைவாக இருந்தபோது தன் வாயையே அச்செடுத்துப் பார்த்தாள். கடைவாய்ப் பற்களெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தன. பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்து, "யாருடி இது, கல்லத் தின்னு வளந்தவளா?" என்று சிரித்தாள். "யாரோ" என்று சொல்லி அச்சைக் குப்பையில் போட்டாள் இவள். வேலையை விடுகிறேன் என்று சொன்னபோது முதலாளி, "மாசக் கடைசி வரைக்கும் உன் மேசைய யாருக்கும் குடுக்கமாட்டேன். மனசு மாறினா வா" என்றார். அதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. முதலாளி அழுதுகொண்டே சொல்லியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாளோ என்னவோ.

அந்த வீட்டிலிருந்து தனக்கென்று அவள் எடுத்துவந்தது தடியன் ஒன்றைத்தான். சாக்கடை ஓரத்தில் கிடந்த குட்டி, தின்று தின்று உரல் மாதிரி ஆனதால் அந்தப் பெயர். சாம்பல் வரி, ஒரு காது கிழிசல். அழகு என்று யாரும் சொன்னதில்லை. அவளும் அதைக் கொஞ்சியதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை எறிந்ததும் திட்ட ஆரம்பிப்பாள். எங்கடா போய்த் தொலைஞ்ச தடியா என்று தொடங்கி, தப்பான அச்சை அனுப்பிவிட்டு எகிறும் மருத்துவர், பஸ்ஸில் காலை மிதித்தவன், காலையில் போட்ட ஈரத்துண்டை அப்படியே விட்டுப் போன புருஷன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் அதன் பெயரைச் சொல்லியே திட்டித் தீர்ப்பாள். எந்த மாடியில் கிடந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் சுவருக்குச் சுவர் தாவி வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, வாலைச் சுற்றி வைத்துக்கொண்டு, முகத்தையே பார்க்கும். திட்டு முடிந்தால் சோறு. அந்த அரைமணி நேரம்தான் நாள் முழுக்க அவளுக்குச் சந்தோஷமான நேரம். கணவன் செல்லம், தங்கம் என்று இழைந்தால் சுவரைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துவிட்டுப் போகும்.

இப்போது அந்தச் செல்லம் தங்கத்தைத்தான் அவன் பங்க் முழுக்கக் கூவிக்கொண்டு அலைந்தான். அவள் லாரி லாரியாகக் குனிந்து பார்த்தாள். முழங்காலில் எண்ணெய்க் கறை. வேலிக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலை. வண்டிகள் தரையை அதிரவைத்துக்கொண்டு பறந்தன. ஒவ்வொரு ஹார்ன் சத்தத்துக்கும் அவள் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பெட்ரோல் போடுகிறவர், "மெதுவா கூப்பிடுங்கக்கா, பயந்திருக்கும்" என்றார். சரியென்று அவளும் "வாடா கண்ணா, வாடா ராஜா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அவள் காதுக்கே அது வேறு யாரோ கூப்பிடுவதுபோல் இருந்தது. தடியனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

கடைசி லாரியின் ஓட்டுநர் டீ குடித்துவிட்டு வந்து ஏறப்போனார். அவள் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"அண்ணே, எடுக்காதீங்க. பூனை அடியில இருக்கலாம்."

"பூனைதானேக்கா? இஞ்சின் சத்தம் கேட்டா தானா ஓடிரும்."

"எங்க ஓடும்? ரோட்டுக்குத்தான் ஓடும்."

ஓட்டுநர் சாலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சாவியை விரலில் சுற்றினார். "சீக்கிரம் பாருங்க. லோடு இறக்கணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கணவனின் போன் அடித்தது. யாரென்று கேட்கவா வேண்டும்? அவன் திரும்பி நின்று "சரிண்ணா... இல்லண்ணா... வந்துடுறோம்ணா... அழாதீங்கண்ணா" என்றான். போனைப் பையில் போட்டுக்கொண்டு அவளிடம் வந்தான்.

"சாமான் வண்டி போய்ச் சேந்துடுச்சாம். எதை எங்க இறக்கறதுன்னு தெரியாம அண்ணன் அழுவுறாரு."

அவள் டயருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"தேடிட்டோம்மா. பூனை எங்க விட்டாலும் பொழச்சுக்கும். கிளம்பலாம். அங்க போனதும் உனக்கு வேற குட்டி வாங்கித் தரேன். அழகா, வெள்ளையா."

வெள்ளையா! அவளுக்குள் எதுவோ பிய்த்துக்கொண்டது. லாரிக்கு அடியில் குனிந்தாள், பங்க் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"டேய் தடியா! எங்கடா போய்த் தொலைஞ்ச? எவனோ கதவத் திறந்துவிட்டா உடனே ஓடிருவியா? மண்டையில மூளை இருக்கா, மண்ணா? எங்க போறோம், எதுக்குப் போறோம், ஒரு யோசனை வேண்டாம்? கூப்பிட்டவன் பின்னாடியெல்லாம் போக இது என்னடா நாய்ப் பொழப்பு? வீட்டுல ஒருத்தி இருக்காளே, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சா? வாசல்ல நின்னுக்கிட்டு, போனைக் காதுல வெச்சுக்கிட்டு கேட்டா அது கேட்டதாடா? அதுக்குப் பேர் கேக்கறதா?"

ஓட்டுநர் சாவியைச் சுற்றுவதை நிறுத்தினார். பூனை எந்தக் காலத்திலும் போனைக் காதில் வைத்ததில்லை என்பது அவருக்கே உறைத்துவிட்டது. கணவன் நின்ற இடத்திலேயே நின்றான். அவள் நிமிர்ந்துவிட்டாள். இப்போது அவள் பார்த்தது லாரியை இல்லை.

"எவன் அழுதாலும் உருகுறியே, எனக்கு ஒரு நாள் உருகியிருக்கியாடா? பைக்கைக் குடுத்த, வீட்டைக் குடுத்த, என் வேலையைத் தூக்கிக் குடுத்த. அது உன் சொத்தா? நான் அழல. ஒரு நாளும் அழல. அழலேன்னா வலிக்கலன்னு அர்த்தமா? பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னா கல்லுன்னு நெனச்சுட்டியா?"

"மெதுவாம்மா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! நீ மட்டும்தான் பாக்கல, ஊரே பாக்கட்டும்! எனக்குன்னு எடுத்துட்டு வந்தது இந்த ஒரு ஜீவன். அதையும் காத்து வாங்கட்டும்னு திறந்துவிட்டுட்டு, வெள்ளையா வாங்கித் தர்றானாம் வெள்ளையா!"

கல்யாணமான நாளிலிருந்து வாங்க, போங்க என்றே பேசியவள். டா என்று சொன்னது அவளுக்கும் கேட்டது. வாபஸ் வாங்கத் தோன்றவில்லை. மூச்சு வாங்கியது.

தொப்பென்று ஒரு சத்தம். அதே லாரியின் அடியில், ஸ்டெப்னி டயருக்கு மேலிருந்து தடியன் குதித்தது. முதுகெல்லாம் கிரீஸ். அவசரமே இல்லாமல் உடம்பை நீட்டி முறித்தது. வாலைத் தூக்கிக்கொண்டு, வேடிக்கை பார்த்தவர்களின் கால்களுக்கு நடுவே நடந்து வந்து, அவள் காலடியில் உட்கார்ந்து, வாலைச் சுற்றி வைத்துக்கொண்டு, தினமும் பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தது. நிறுத்திட்டியே, மேல சொல்லு என்று கேட்பதுபோல் இருந்தது.

பெட்ரோல் போடுகிறவர் கைதட்டினார். ஓட்டுநர் தன் டயரையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்து, "நல்லவேளை, எடுத்திருப்பேன்" என்று மெதுவாகச் சொன்னார். கணவன் முகத்தில் உயிர் வந்தது; சிரிக்கலாமா என்று பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. கோபம் இம்மியும் குறையவில்லை. பூனை கிடைத்ததும் அது இன்னும் தெளிவாக, நிதானமாக நின்றது. தடியனை அள்ளினாள். கை முழுக்கக் கிரீஸ். கூடைக்குள் விட்டுக் கம்பிக் கதவைச் சாத்தி, காரின் முன்பக்கம், ஸ்டியரிங்குக்குப் பக்கத்து இருக்கையில் வைத்து, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பிறகு கையை நீட்டினாள்.

"சாவி."

அதில் நீங்களும் இல்லை, நீயும் இல்லை. அவன் கொடுத்தான். அவளுக்கு ஓட்டத் தெரியும். அவன் கூட இருக்கும்போது ஓட்டியதில்லை, அவ்வளவுதான். முன்கதவைத் திறக்கப்போனவன், இருக்கையில் கூடையைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் பின்னால் ஏறிக்கொண்டான்.

பங்க் வாசலில் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று அண்ணன் ஊருக்கு. அங்கே அவளுடைய பாத்திரங்களும் கட்டிலும் இந்நேரம் தெருவில் இறங்கியிருக்கும். இன்னொன்று பாலத்துக்கு அடியில் சுற்றிக்கொண்டு, வந்த வழிக்கே. அங்கே காலி வீடு, சன்னலோரம் ஒரு மேசை. அவள் பங்க் வாசலிலேயே வண்டியை நிறுத்தினாள்.

தடியன் கத்த ஆரம்பித்தது. பின்னால் அவனுடைய சட்டைப் பையில் போன் அடித்தது.

கண்ணாடியில் பார்த்தாள். அவன் கம்பிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவே இடுக்கி வைத்திருந்தான். கீறலில் ரத்தம் காய்ந்திருந்தது. போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. கை அசையவில்லை.

"எந்தப் பக்கம் போறோம்?" என்று கேட்டான்.

பின்னால் வந்து நின்ற லாரி ஹார்ன் அடித்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "அக்கா, சிக்னலப் போடுங்க!" என்று கத்தினார். கூடைக்குள் தடியன் கம்பியில் வாயை வைத்து, அடிவயிற்றிலிருந்து இழுத்து ஊளையிட்டது.

"கத்துடா" என்றாள் அவள். "நல்லா கத்து." கிரீஸ் கையை ஸ்டியரிங் பக்கத்துச் சிக்னல் கம்பியின் மேல் வைத்தாள்.