கொசுறாகப் போன தபால்தலை

மரிய ஆனந்த் தன் விற்பனைக் குறிப்புகளில் படம் போடுவதில்லை. “இந்தியா, எண்பதுகள், பயன்படுத்தியவை, காகிதத்தோடு, இருநூறு எண்ணம், நாற்பது ரூபாய், படம் இல்லை” என்று ஒரே வரிதான். முகநூலில் தபால்தலை சேகரிப்பவர்களின் குழு ஒன்றில் மாதத்துக்கு மூன்று நான்கு முறை அந்த வரி தோன்றும். ஒன்று இருபது காசுக்குப் போகும் சரக்கைத் தனித்தனியாகப் படமெடுப்பது வீண்வேலை என்பது ஒரு காரணம். மற்றொன்று, படம் போட்டால் நல்லதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை விற்கிறான் என்ற சந்தேகம் வாங்குபவர்களுக்கு வந்துவிடும். படமில்லாத பொட்டலத்தில் யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு அவன் உண்மையாகவே இருந்தான்.

காரிமங்கலத்தில் ஒரு தனியார் பள்ளியில் அவன் ஆய்வக உதவியாளன். வயது நாற்பத்தொன்பது. வீட்டுக்குப் புதிதாகத் தளம் போட்டபோது பரணிலிருந்து இறங்கிய இரண்டு பிஸ்கட் டின்கள்தான் இந்த வியாபாரத்தின் முதல். அவற்றுள் இருந்தவை அவனும் அக்கா வேளாங்கண்ணியும் சிறுவயதில் சேர்த்தவை. அப்போது ஞாயிறு மறைக்கல்வி வகுப்பின் மூலையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உபயோகித்த தபால்தலைகளை அதில் போட வேண்டும். அவை வெளிநாட்டில் எடைக்கு விற்கப்பட்டு, அந்தப் பணம் எங்கோ ஒரு நாட்டின் ஏழைப் பிள்ளைகளுக்குப் போகும் என்று கன்னியாஸ்திரி சொல்லியிருந்தார். அவர் விதித்த ஒழுங்கு கறாரானது. தபால்தலையைக் கவரிலிருந்து உரிக்கக் கூடாது. சுற்றிலும் ஒரு விரல் அகலம் காகிதம் விட்டு வெட்ட வேண்டும். அக்காவும் தம்பியும் பால் சொசைட்டி, விதைக்கடை, மகன் பட்டாளத்தில் இருந்த வீடு என்று ஏறி இறங்கிப் பழைய கவர்களை வாங்கி வந்தார்கள். அக்கா வெட்டுவாள், அவன் எண்ணுவான். ஏழைகளுக்குக் கொடுக்கிற ஏழைகளாக இருப்பதில் அந்த வயதில் ஒரு பெருமை இருந்தது. பிறகு கன்னியாஸ்திரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பெட்டியைக் கேட்டு யாரும் வரவில்லை. சேர்த்தவை டின்னிலேயே தங்கின.

டின்னைத் திறந்த அன்று பழைய கோந்தின் வாசனையும் புளியின் வாசனையும் சேர்ந்து வந்தன. இரண்டாவது வாசனை அம்மாவுடையது. சவேரியம்மாள் சந்தையில் புளியும் மிளகாயும் விற்றவள். தராசு நின்ற பிறகு மேலே ஒரு கை அள்ளிப் போடுவாள். “நிறுத்ததோட தாட்டிவுட்டா மறுக்கா நம்ம கடைக்கு வருவாங்களா?” என்பாள். அந்தக் கொசுறுப் பழக்கம் மகனுக்கும் வந்திருந்தது. கிழிந்தவை, ஓரப் பல் உதிர்ந்தவை, மை அப்பியவை என்று கணக்கில் சேராத ஏழெட்டைத் தனித்தாளில் மடித்து, “கொசுறு” என்று எழுதி ஒவ்வொரு பொட்டலத்திலும் வைப்பான்.

“தபால்ல போற சாமானுக்குக் கொசுறு வைக்கற ஒரே ஆளு நீங்கதான்” என்பாள் அவன் மனைவி ஆக்சிலியா. “கருவேப்பிலையும் ரெண்டு கொத்து வெச்சு அனுப்புங்க.”

ஒரு புதன்கிழமை காலை அக்கா பெங்களூரிலிருந்து பேசினாள். அங்கே ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அம்மாவின் நினைவுப் பூசை.

“வெள்ளிக்கெழம ராத்திரி டூட்டி முடிச்சுட்டு நேரா வந்துருவேன். டேய் ஆனந்து, பரண் சாமானெல்லாம் எறக்கினீங்களாமே. ஸ்டாம்பு டின்னுல சின்னதா ஊதா கவர் ஒண்ணு இருக்கும், அத எடுத்து வையி.”

“எந்த கவருக்கா?”

“அம்மா ஒட்டுன ஸ்டாம்புடா. ரெண்டா கிழிஞ்சது. நான் சோத்தப் போட்டு ஒட்டி வெச்சிருப்பேன். இருக்குதில்ல?”

“இருக்குதுக்கா” என்று அவன் சொல்லிவிட்டான்.

சொன்ன வாய் மூடுவதற்குள் நினைவு வந்தது. போன மாதம் ஓர் ஊதாக் கவரைத் திறந்தான். உள்ளே பால்பண்ணைப் படம் போட்ட ஐம்பது காசுத் தலை ஒன்று, கவர்க் காகிதத்தோடு குறுக்கே கிழிந்து, பின்னால் மெல்லிய தாள் கொடுத்து ஒட்டப்பட்டிருந்தது. கிழிந்த தலைக்கு விலையில்லை. கொசுறுக் குவியலில் போட்டான்.

அது எப்படிக் கிழிந்தது என்பது அவனுக்குத் தெரியாததல்ல. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் அக்கா செவிலியர் பயிற்சிக்குப் போன மூன்றாம் மாதம், அம்மா சொல்லச் சொல்ல அவன்தான் கடிதம் எழுதினான். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தபால்தலையைத் தானே ஒட்டுவேன் என்று பிடிவாதமாக நின்றாள். டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் தடவினாள்; போகிற இடம் ஆஸ்பத்திரி, எச்சில் படக் கூடாது என்றாள். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் கவரைக் கவிழ்த்து, மூடிய மடிப்பின் மேலேயே ஒட்டிவிட்டிருந்தாள், அதுவும் சாய்வாக.

“அய்யோ, முன்னாடி ஒட்டணும்மா!”

“போடா. மூட்டைக்கு வாயத்தான தைப்பாங்க? முதுவுலயா தைப்பாங்க?”

தபால் நிலையத்தில் சிரித்துக்கொண்டே பின்பக்கம் முத்திரை குத்தி அனுப்பினார்கள். விடுதியில் அக்கா அவசரத்தில் மடிப்பை இழுத்தபோது தபால்தலை இரண்டாகக் கிழிந்தது. கடிதம் பின்னொரு மழைக்காலத்தில் விடுதிப் பெட்டியோடு நனைந்து கூழாகிப் போனது. அதன் வாசகங்கள் எப்படியும் அவன் கையெழுத்தில் இருந்தவை. அம்மாவின் கை பட்டுச் செய்தது அந்த ஒட்டல் ஒன்றுதான். நான்கு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்தபோது, நிலத்தில் தன் பங்கை ஒரு வார்த்தை பேசாமல் தம்பிக்கு எழுதிக் கொடுத்தவள் அக்கா. அந்த வீட்டிலிருந்து அவள் முதன்முறையாகக் கேட்ட பொருள் இது.

ஊதாக் கவரைத் திறந்த பிறகு அவன் மூன்று பொட்டலங்கள் அனுப்பியிருந்தான்: சேலம், ஓசூர், பாப்பிரெட்டிப்பட்டி. படம் இல்லாததால் எதில் என்ன போனது என்பதற்குத் தடயம் இல்லை. மூவருக்கும் அனுப்ப ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தான். இருநூறு தலைகளுக்கு ஒரு வரி எழுதிப் பழகியவனுக்கு, ஒரே ஒரு தலையை எழுத அரைமணி நேரம் ஆயிற்று. “ஐம்பது காசு. பால்பண்ணைப் படம். மூலைக்கு மூலை சாய்வாகக் கிழிந்து, சோற்றால் ஒட்டப்பட்டது. காரிமங்கலம் முத்திரை பாதி விழுந்திருக்கும். சேகரிப்புக்கு உதவாது. எனக்கு வேண்டும்.”

ஆக்சிலியா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். “இந்த விவரமெல்லாம் அன்னிக்கே ஒரு போட்டோ எடுத்திருந்தா வேண்டியதில்ல.” பிறகு குரலை இறக்கி, “அண்ணிகிட்ட உண்மையச் சொல்லிருங்க” என்றாள்.

“தேடிப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

ஓசூர்க்காரர் தனக்கு வந்த கொசுறுகளை வரிசையாக வைத்துப் படமெடுத்து அனுப்பினார். அதில் இல்லை. சேலத்துக்காரர், “கிழிஞ்சதெல்லாம் அன்னைக்கே குப்பைக்குப் போயிருச்சு சார். ஆனா சோறு வெச்சு ஒட்டுனது எதுவும் பார்த்த ஞாபகம் இல்ல” என்று எழுதினார். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பதிலே இல்லை. மறுநாள் மாலை அந்த எண்ணை அழைத்தான்.

“குப்புராஜ்ங்க. மெசேஜ் எல்லாம் நான் பார்க்கறதில்லீங்க, சின்ன எழுத்து கண்ணுக்குத் தெரியாது. கிழிசலுங்களா? இருந்துச்சுங்க ஒண்ணு. நேர்ல வாங்க, போன்ல ஸ்டாம்பு தேட முடியுங்களா?”

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, தருமபுரியில் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தான். குப்புராஜ் ஓய்வு பெற்ற பஸ் நடத்துநர். மேசைமேல் பழைய டெலிபோன் டைரக்டரிகள் அடுக்கியிருந்தன. ஈரத்தலைகளை அவற்றின் பக்கங்களுக்கிடையே வைத்துக் காயவைப்பது அவர் வழக்கம்.

“படம் போட்ட சரக்க நான் வாங்கறதே இல்லீங்க” என்றார் அவர். “எல்லாத்தையும் பார்த்துட்டா அப்பறம் பிரிக்கறதுல என்ன இருக்குது? உங்க பொட்டலம் வந்தா எங்கூட்டுல டிவிய நிறுத்திட்டு உக்காருவேன். அதுலயும் கொசுறு வேற! இத்தன வருஷத்துல யாரும் எனக்குக் கொசுறு போட்டதில்லீங்க.”

“அந்தக் கிழிசலுங்க…”

“பார்த்தனுங்க. முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்ச கையி, கிழிசலப் பார்த்தா நிக்கும். அம்பது காசு ஸ்டாம்ப ஒருத்தர் மெனக்கெட்டு ஒட்டி வெச்சிருக்காங்களேன்னு நெனச்சேன்.” அவர் மேலேயிருந்த டைரக்டரியை எடுத்தார். “ஆனா ஞாயித்துக்கெழமை எல்லாத்தோடயும் சேர்த்து ஊறப் போட்டுட்டனுங்க. ஸ்டாம்புன்னா ஊறப் போட்டு உரிக்கறதுதான? சோறு தண்ணியில நிக்குங்களா, ரெண்டும் தனித்தனியா வுட்டுருச்சு.”

உரிக்கக் கூடாது என்ற கன்னியாஸ்திரியின் கட்டளை நாற்பது ஆண்டுகள் கழித்து ஒரு பேசினில் கரைந்திருந்தது. குப்புராஜ் டைரக்டரியைப் புரட்டினார். பக்கங்களுக்கிடையே, மேல் பாதி சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. மாட்டின் தலையும் முத்திரையின் ஒரு கால்வட்டமும் அதில் இருந்தன. கீழ்ப் பாதியைக் காணவில்லை. மூன்று டைரக்டரிகளையும் இருவரும் பக்கம் பக்கமாகத் தட்டினார்கள்.

“ராமக்கா! அன்னிக்கு உரிச்ச காயிதக் குப்பைய என்ன பண்ணுன?”

உள்ளேயிருந்து அவர் மனைவி ராமக்காள் வந்தாள். “துணி தொவைக்கற கல்லு பக்கத்துல குமிச்சு வெச்சிருக்கறேன். நல்லாக் காஞ்சிருச்சு, நாளைக்கு வெந்நி அடுப்புல போட்டுரலாம்னு இருந்தேன். ஏன், அதுக்கும் ஆளு வந்துட்டாங்களா வெலைக்கு வாங்க?”

“வந்துருக்காங்க.”

“அப்ப எடைக்குப் போடுங்க” என்றாள் அவள்.

ஊறிப் பிரிந்த கவர்த் துண்டுகள் வெயிலில் காய்ந்து அப்பளக் கட்டுபோல ஒட்டியிருந்தன. கொல்லையில் குத்த வைத்து மூவரும் ஏடு ஏடாகப் பிரித்தார்கள். யார் வீட்டு அம்மா, என்ன கடிதம் என்று ராமக்காள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், ஆனந்த் சொன்னான். மூட்டை வாயைத் தைத்த கதையைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டு, “அது சரிதான? பின்ன எங்க தைப்பாங்க?” என்றாள். கடைசிக்கு மூன்றாவது ஏட்டில், குப்புற ஒட்டிக்கொண்டு, கீழ்ப் பாதி கிடந்தது. நகத்தால் தொட்டதும் எழும்பி வந்தது.

ஆனந்த் சட்டைப்பையில் கையை விட்டபோது குப்புராஜ் தடுத்தார். “கொசுறுக்குக் காசு வாங்குவாங்களா? அடுத்த பொட்டலத்துல ரெண்டு கூடப் போடுங்க, போதும்.”

திரும்பும் பஸ்ஸில் அவன் இரு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். கிடைத்துவிட்டது என்ற நிம்மதி தருமபுரி வரைகூட நீடிக்கவில்லை. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. கவரின் காகிதம் இல்லை, கோந்து இல்லை, அக்கா வைத்த சோறும் இல்லை. அம்மா விரலால் தண்ணீர் தொட்டுச் செய்தது அனைத்தும் நீங்கி, எந்தப் பொட்டலத்திலும் நாற்பது இருக்கக்கூடிய ஒரு தலையின் இரண்டு துண்டுகள் மட்டுமே எஞ்சியிருந்தன. அக்கா கேட்டது ஸ்டாம்பை அல்ல, அம்மா ஒட்டியதை.

சனிக்கிழமை காலை, பூசைக்குக் கிளம்புவதற்கு முன், வேளாங்கண்ணி காப்பி டம்ளரோடு மேசையருகே உட்கார்ந்தாள். இரவுப் பணி முடித்து வந்த கண்கள் சிவந்திருந்தன.

“எங்கடா?”

அவன் ஊதாக் கவரிலிருந்து இரண்டு துண்டுகளையும் மேசைமேல் போட்டான். பிறகு ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்: கொசுறு, மூன்று பொட்டலம், பேசின், துணி துவைக்கும் கல். “இருக்குதுன்னு சொன்னப்ப இல்லக்கா. பொய் சொல்லிட்டேன். இப்ப இருக்கறதும் பாதிதான். அம்மா ஒட்டுனது போயிருச்சு.”

வேளாங்கண்ணி காப்பியைத் தள்ளி வைத்தாள். ஆக்சிலியா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள்.

“கொசுறா போட்டியா?” என்றாள் அக்கா.

“ஆமாக்கா.”

“அறிவு கெட்டவனே.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா இருந்திருந்தா, ‘கொசுறு எட்டுத்தான் போட்டியா’ன்னு கேட்டிருக்கும்.”

ஆக்சிலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வேணுமின்னா சோறு கொண்டாரட்டுமாக்கா, ஒட்டிரலாம்” என்றான் ஆனந்த்.

“இரு.” அவள் இரு துண்டுகளையும் விரல்நுனியால் நகர்த்திக் கிழிசலோடு கிழிசல் சேர்த்தாள். தபால்தலை நேராக நின்றபோது கிழிசல் கோணலாக ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், இரண்டையும் சேர்த்து மெல்லத் திருப்பத் தொடங்கினாள். கிழிசல் மேசையின் விளிம்புக்கு இணையாக வந்ததும் நிறுத்தினாள். அன்று விடுதியில் கவரைப் பிரித்தபோது மடிப்பின் விளிம்பு கிழித்த கோடு அது. இப்போது கிழிசல் நேராகக் கிடந்தது. அதன் மேலும் கீழும் தபால்தலை சாய்ந்திருந்தது, மாடு ஒரு பக்கமாகச் சரிந்து, ஐம்பது காசு என்ற எழுத்து ஏற்றத்தில் ஏறுவதுபோல.

“இப்படித்தான் ஒட்டியிருந்துச்சு” என்றாள்.

ஆனந்த் குனிந்து பார்த்தான். இப்படித்தான். டம்ளரும் நனைந்த விரலும் நினைவுக்கு வந்தன. கவர் கவிழ்ந்திருந்த விதமும் வந்தது. கோயில் மணி இரண்டாவது முறை அடித்தது. யாரும் எழவில்லை.

“போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா?” என்று அவன் கேட்டான்.

“எடுடா” என்றாள் வேளாங்கண்ணி, துண்டுகளின் மேலிருந்து விரலை எடுக்காமலே. “நகரறதுக்கு முன்னாடி எடு.”