மகாராணியின் முழு மதிப்பெண்

வகுப்பில் அவளுக்கு மகாராணி என்று பெயர். பட்டம் சூட்டியவர்கள் ஒன்றும் மரியாதையில் சூட்டவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து யாராவது கையசைத்தால் இவள் திரும்பக் கையசைக்க மாட்டாள். சிரித்தால் கண்ணைச் சுருக்கி முறைப்பாள். "தலைக்கனம் பிடிச்சவ" என்று ஒருத்தி ஆரம்பித்தாள், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பத்தடிக்கு அப்பால் எல்லா முகமும் அவளுக்கு வெறும் கலங்கல். முப்பத்தெட்டுப் பேர் இருக்கிற வகுப்பில் ஒருத்தருக்காவது அது தோன்ற வேண்டாமா? சரி, அவர்களை ஏன் திட்ட வேண்டும்? அது அவளுக்கே தெரியாதே. உலகம் எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும், மற்றவர்கள் கெட்டிக்காரத்தனமாக ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று நினைத்திருந்தாள்.

கரும்பலகையில் இருப்பதைப் பக்கத்துத் தோழியின் நோட்டைப் பார்த்து எழுதிக் காலம் தள்ளினாள். தோழி வேறு பள்ளிக்கூடம் போனதும் அந்த இடம் காலியாகவே கிடந்தது. மதிப்பெண் மளமளவென்று சரிந்தது. "அடுத்த பரீட்சையிலயும் இப்படின்னா ஒரு வகுப்பு கீழ உக்கார வேண்டியதுதான்" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார். வீட்டில் அப்பா, "படிக்க வலிக்குதா உனக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் எழுந்து போனார்.

அந்த வாரம்தான் கண் பார்க்கும் நர்ஸ் வந்தார். சுவரில் எழுத்து அட்டை, தரையில் ஒரு கோடு. கோட்டில் நின்று ஒரு கண்ணை மூடி ஒவ்வொருவராகச் சொல்ல, நர்ஸ் தாளில் டிக் போட்டார். இது பரீட்சை இல்லாமல் வேறென்ன? இதிலாவது தேறிவிட வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது.

அவள் வரிசையில் கடைசி. முன்னால் நின்ற முப்பத்தேழு பேரும் அதே எழுத்துகளை உரக்கச் சொன்னார்கள். தோழி போன பிறகு காதால் கேட்டே படித்தவள் அல்லவா! அவள் முறை வருவதற்குள் எல்லாம் தலைகீழ்ப் பாடம். மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"அத்தனையும் சரி" என்றார் நர்ஸ்.

நெஞ்சு விம்மியது. யாரிடமாவது சொல்லலாம் என்று திரும்பினாள். எல்லாரும் விளையாடப் போய்விட்டிருந்தார்கள்.

நர்ஸ் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். எழுந்து சுவர்ப்பக்கம் போய்விட்டு வந்தார்.

"இன்னொரு தடவை சொல்லு தங்கம். அவசரம் வேண்டாம்."

அவள் சொன்னாள். "ட, ப, ர, ம..." கடைசி வரியின் பொடி எழுத்துவரை ஒன்று பிசகவில்லை.

நர்ஸ் டிக் போடவில்லை.

"சரியா சொன்னேனாக்கா?"

"நீ வரிசை மாறாம சொன்னே தங்கம்." நர்ஸின் குரல் இறங்கிவிட்டது. "ஆனா அட்டையைத் திருப்பி மாட்டிட்டேன். இப்ப அதுல ஒரு எழுத்துகூட இல்ல. வெறும் வெள்ளைதான்."

அவள் சுவரைப் பார்த்தாள். முன்பும் வெள்ளையாக ஏதோ தொங்கியது, இப்போதும் தொங்கியது. நர்ஸ் பேனாவைத் தாளில் வைத்ததும் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபெயில்னு போட்டுடாதீங்கக்கா. இது ஒண்ணுலதான் நான் பாஸாயிருக்கேன்."