சில்வியு பின்னால் போன அறுபது மீட்டர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு ஜாடி கத்தரிக்காய்த் தொக்குக்காகத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். எங்கள் குடியிருப்பில் எனக்கு நேர் கீழ்வீட்டுக்காரன் சில்வியு ஹங்கானு. பிஸ்த்ரித்சா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊர்க் கால்பந்து அணியின் முன்வரிசை ஆட்டக்காரனாக இருந்து, தொண்ணூற்றொன்பது கோல் போட்டு ஓய்வு பெற்றவன். போன செப்டம்பரில் ஜாடியோடு படியேறி வந்தான்.

"நூறாவது கோலை நீ போட்டுக் குடு. கதையிலதானே? யாரு வந்து கேக்கப் போறா?"

தொக்கு அவன் மனைவி லுமினீத்சா செய்தது. மறுக்க முடியவில்லை.

2

தொடக்கம் இப்படி இருந்தது: 'கார்ப்பாத்திய மலைகளில் பனி உருகும் பருவத்தில், ஒரு வீரனின் இடது முழங்கால்'

வேண்டாம். சுற்றுலாத் துறை விளம்பரம் மாதிரி இருக்கிறது. அதோடு, வலி வலது முழங்காலில்.

அடித்துவிட்டு மேலே போகலாம் என்று பேனாவை எடுத்தால், பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சில்வியு கையைப் பிடித்துக்கொண்டான். எழுதியதற்குத் திரும்பிப் போகக் கூடாதாம். இங்கே ஆட்டத்துக்குப் போகும் பேருந்து எக்காரணம் கொண்டும் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. எடுத்தால் தோல்விதான் என்று பயிற்சியாளர் முதல் பந்து பொறுக்குபவர்வரை நம்புகிறார்கள். நூறாவது கோலுக்குப் போகும் கதைக்கும் அதே சட்டம்தான் என்றான் சில்வியு.

ஆகவே இந்தக் கதையில் குப்பை கிடந்த இடத்திலேயே கிடக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

பதினாறு வருடம் ஆடினான். நடுவே சைப்ரஸ் தீவுக்குப் போய் எட்டு மாதம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு, முகம் கறுத்துத் திரும்பினான். போட்ட கோல்களில் ஒன்று அவன் முதுகில் பட்டு உள்ளே போனது. இன்னொன்றின்போது அவன் நடுவரோடு வாதாடிக்கொண்டிருந்தான். எல்லாம் கணக்கில் உண்டு.

எங்கள் மைதானத்து நடைவழிச் சுவரில், நூறு கோல் போட்ட மூன்று பேரின் புகைப்படங்கள் தொங்குகின்றன. சில்வியு தொண்ணூற்றொன்பதைத் தொட்ட வாரம், பேருந்து ஓட்டும் ஜீக்கு அண்ணன் ஆர்வக்கோளாறில் நாலாவது ஆணியை அடித்துவிட்டார். படம் இன்னும் வரவில்லை.

[எனக்கே இங்கே சந்தேகம் வந்தது. வளர்ந்த மனிதன் ஓர் ஆணிக்காக இப்படி ஏங்குவானா? லுமினீத்சாவிடம் கேட்டேன். "வருஷா வருஷம் அந்தச் சுவருக்கு இவருதான் போய் வெள்ளையடிக்கிறாரு. ஆணியை விட்டுட்டு அதைச் சுத்தி அடிப்பாரு. பிடுங்க விடமாட்டாரு" என்றாள். சந்தேகம் தீர்ந்தது.]

4

கடைசி ஆட்டம் வெளியூரில். பயிற்சியாளரை இங்கே எல்லாரும் 'மிஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ்டர் சொன்ன குறுக்குவழியில் பேருந்து திரும்பியது. நடுரோட்டில் சாக்கடைக் குழாய்க்காகப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். பேருந்தைத் திருப்ப இடமில்லை.

மிஸ்டர் சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி யோசித்து, அணி முழுவதையும் கீழே இறக்கினார். காலிப் பேருந்து பின்னால் போனால் அணி பின்னால் போனதாக ஆகாதே. ஆட்டக்காரர்கள் திரும்பி நடந்து முச்சந்திக்கு வந்தார்கள். நடப்பதில் குற்றமில்லை. ஜீக்கு அண்ணன் அறுபது மீட்டர் ரிவர்ஸில் வந்து வண்டியை நிறுத்தினார்.

கதவு திறந்தது. முழங்கால் வலிக்கு மாத்திரை போட்டுக் கடைசி இருக்கையில் தூங்கிப்போயிருந்த சில்வியு, கொட்டாவி விட்டபடி இறங்கினான். பதினேழு பேரும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மிஸ்டர் அவனை ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வைத்துவிட்டார். அன்றோடு ஒப்பந்தம் முடிகிறது, இனி ஆட்டமே இல்லை என்று தெரிந்தும்தான்.

5

இடைவேளைக்குச் சற்று முன் இன்னொரு முன்வரிசைக்காரனின் கணுக்கால் பிசகியது. சில்வியுவைத் தவிர ஆளில்லை. மிஸ்டர் ஜீக்கு அண்ணனைக் கூப்பிட்டு, இவனை எவ்வளவு தூரம் பின்னால் கொண்டுபோனாய் என்று கேட்டார். வெளியே நிற்கும் பேருந்தில் அதே இருக்கையில் உட்கார வைத்து, அதே அளவு முன்னால் கொண்டுபோய்விட்டு வரச் சொன்னார்.

போன வேகத்தில் ஜீக்கு அண்ணன் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு அவனோடு நடந்து வந்தார்.

"நாப்பதுதான் முடிஞ்சுது மிஸ்டர். அதுக்கு மேல சுவரு."

"மிச்ச இருபதை ஓடித் தீர்க்கட்டும்."

இரு அணிக்கும் கோலில்லை. எண்பத்தெட்டாவது நிமிடம் நமக்குப் பெனால்ட்டி. சில்வியு பந்தைப் புள்ளியில் வைத்தான். எல்லாரும் நாலடி பின்வாங்கி உதைப்பார்கள். இவன் பின்வாங்கவில்லை. அதுவும் பின்னால் போவதுதானே. கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி, நேராக இருபது மீட்டர் நடந்து போனான். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. பிறகு திரும்பி நின்றான்.

6

முடிவு (அ): பந்து வலைக்குள். நாலாவது ஆணியில் படம்.

இதை எழுதி முடித்ததும் சில்வியு எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான். காகிதங்களை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தவன், நாலாவது வரியில் நின்றுவிட்டான்.

"ஆரம்பத்துலயே தொண்ணூத்தொம்பதுன்னு எழுதி வச்சிருக்கியே, பாவி."

அடித்துவிடுகிறேன் என்றேன். அவன் பேனாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கூடாது என்று தலையை ஆட்டினான். சட்டம் அவன் போட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓர் எண்ணை அடித்தால் தீர்கிற காரியம்.

முடிவு (ஆ), நடந்தது நடந்தபடி: 'பந்து இடது கம்பத்தில்'

சில்வியு சன்னல் பக்கம் போய்விட்டான். கீழே கம்பளத்தைத் தொங்கவிட்டுத் தூசி தட்டும் இரும்புச் சட்டத்தை யாரோ கோலாக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஓடி வரும்போதே நிறுத்திடு. அதுவரைக்கும் நான் ஒண்ணும் தப்பு பண்ணலயே."

7

(ஆ)-வைப் படித்துவிட்டீர்கள், தெரியும். என்னாலும் அழிக்க முடியாது. தொக்கு ஜாடியும் காலி.

சில்வியு ஓடி வருகிறான். கூட்டத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஜீக்கு அண்ணன் வாய்க்குள் மீட்டரை எண்ணுகிறார். பதினைந்து. பத்து. முழங்கால் தாங்குகிறது. ஐந்து. இனி உங்கள் பாடு. எந்தக் கம்பத்தை வேண்டுமானாலும் தள்ளி வையுங்கள், வேண்டுமானால் காற்றை வீசச் செய்யுங்கள், அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்.

முதல் பக்கத்துக்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள்.