எலிக்குள் இறக்கிய காய்ச்சல்

"எலி செத்துச்சா சார்?"

நான் ஆய்வுக்கூடத்தின் பூட்டைத் திறப்பதற்கு முன்பே குப்பம்மாள் வாசலில் வந்து நின்றிருந்தாள். தினமும் இதே கேள்வி. எனக்கு எரிச்சலாக வந்தது. "இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்றேன். அதைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

எழுபத்து நான்காம் வருஷம், நடவு முடிந்து வயலெல்லாம் தண்ணீர் நின்ற சமயம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து காய்ச்சலும் வலிப்புமாகப் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்று எல்லோருக்கும் தெரியும். எந்தக் கிருமி என்று தெரியவேண்டுமாம், சென்னையிலிருந்து உத்தரவு. அதற்காகத் திருவள்ளூரில் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் ஓட்டுக் கட்டடம், உள்ளே கூண்டு கூண்டாக வெள்ளைச் சுண்டெலிகள், அவற்றைக் கட்டி அழ நான். பிள்ளையின் முதுகுத்தண்டிலிருந்து டாக்டர் ஊசியால் நீர் எடுப்பார். அதில் ஒரு சொட்டை, கண் திறக்காத எலிக்குஞ்சுகளின் மூளைக்குள் நான் ஏற்றுவேன். குஞ்சுகள் நோய்ப்பட்டுச் செத்தால் பிள்ளைக்கு வந்தது வைரஸ். அதன் பெயரைச் சென்னையில் கண்டுபிடிப்பார்கள். மருந்து? அது கிடையாது. பெயர் மட்டும்தான்.

குப்பம்மாளின் ஒரே மகன் செங்கல்வராயன். ஐந்து வயது. அவனுக்கு நீர் எடுத்த அன்று, என் பின்னாலேயே வந்து, அதை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எலிக்குப் போட்டுச் சாகிறதா என்று பார்ப்போம் என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஊரில் ஏற்கெனவே ஒரு கோழியை அவன் தலையைச் சுற்றி முச்சந்தியில் விட்டிருக்கிறார்கள். நோய் கோழியோடு போய்விடவேண்டும், அதுதான் கழிப்பு. "அந்தப் பாழாப்போன கோழி சாயங்காலமே ஊட்டுக்கு வந்து நெல்லு கொத்திக்கினு நிக்குது சார். அப்புறம் எப்டி எறங்கும்? நீங்க பரவால்ல. எலி தலைக்குள்ளயே எறக்கிட்டீங்க."

"இது கழிப்பு இல்லம்மா. பரிசோதனை. எலி செத்தாலும் இருந்தாலும் உன் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாது" என்று கத்தியே சொன்னேன்.

"பின்ன எதுக்கு சார் அவன் முதுவுல ஊசி குத்துனீங்க? நாலு பேரு புடிச்சிக்கினு இருந்தீங்க. அந்தக் கத்து கத்துனான்."

அதற்குப் பிறகு அவளை விரட்டவில்லை. ஜன்னல் வழியாகப் பார்க்கட்டும் என்று கூண்டை நகர்த்தி வைத்தேன். குஞ்சுகளின் தோல் மெல்லியது. குடித்த பால் வயிற்றுக்குள் வெள்ளையாகத் தெரியும். "நல்லா குடிச்சிக்கினுதான் கீதுங்க" என்று வெறுப்போடு சொல்லிவிட்டு வார்டுக்குப் போவாள். அங்கே செங்கல்வராயனுக்குக் கஞ்சித்தண்ணீர்கூட இறங்குவதில்லை.

ஒரு நாள் காலை அவள் வாசலில் இல்லை. கூண்டைப் பார்த்தேன். ஒரு குஞ்சு உமியில் தனியாகக் கிடந்தது. வயிற்றில் பால் இல்லை. தாய் எலி அதை மூக்கால் தள்ளிவிட்டது. தொட்டதும் காலை வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்தில் இரண்டு ஏற்கெனவே விறைத்திருந்தன. படித்தவன்தான் நான். என்றாலும் என்னை அறியாமல் வார்டுக்கு ஓடினேன். எலி செத்தது என்று அவளிடம் சொல்லத்தான் ஓடினேன், வேறு எதற்கு?

கட்டிலில் பையனின் முகத்தையும் துணி மூடியிருந்தது. அவள் புருஷன் அப்பாவு வண்டி பிடிக்கப் போயிருந்தான். குப்பம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். என் மூச்சிரைப்பைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"செத்துச்சா?"

தலையாட்டினேன்.

"ஒரு நாளு முந்தி இட்டாந்திருந்தா எலி நேத்தே செத்திருக்கும். கோழிய நம்பி ஊட்லயே வச்சிக்கினு இருந்தேன் சார். நானே என் புள்ளைய வாரிக் குடுத்துட்டேன்."

இந்தப் பழியோடு இவள் எப்படி உயிர் வாழ்வாள்? பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மேல தப்பே இல்லம்மா. எப்ப வந்திருந்தாலும், எலி எப்ப செத்திருந்தாலும், அவன் பொழைச்சிருக்க மாட்டான். இதுக்கு மருந்தே இல்ல" என்றேன். ஆறுதல் என்றுதான் சொன்னேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அப்போ அவன எதுக்கு சார் அழ வச்சீங்க?"

செத்த குஞ்சுகளை ஐஸில் வைத்து மத்தியான பஸ்ஸில் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எழுந்து போய் அனுப்பினேன்.