குடையைக் கீழே வைக்காதவன்

அக்காவின் கலியாணம் சரிவந்ததற்கு இரண்டு காரணங்கள். சாதகம் நன்றாகப் பொருந்துகிறது என்று சாத்திரியார் சொன்னது ஒன்று. பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ஜப்பான் அனிமேயைப் பார்த்திருந்தது மற்றது. முதலாவதை அம்மா உடுவில் ஊர் முழுக்கச் சொன்னார். இரண்டாவதை எவருக்கும் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொன்னார்.

"இருபத்தெட்டு வயதுப் பிள்ளை கார்ட்டூன் பாக்குது எண்டு வெளியிலை தெரிஞ்சால் வடிவே?"

"மாப்பிள்ளைக்கு முப்பத்தொண்டு அம்மா."

"அவர் டொக்டர். அவர் என்னத்தையும் பாக்கலாம்."

மாப்பிள்ளை கிருஷாந் பல் வைத்தியர். சாவகச்சேரிக்காரர். கொடுப்புப் பல்லைப் பிடுங்கிவிட்டு, "இனித் தொடங்குவம்" என்று நோயாளி சொல்லும்போது, "முடிஞ்சுது, எழும்புங்கோ" என்பாராம். இதுவும் அவருடைய வீட்டார் சொன்னதுதான். பெண் கேட்டு வருகிறவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பதால் நாங்கள் நம்பினோம்.

அந்த அனிமேயின் நாயகன் அளவுக்கு மீறிய பலசாலி. வெயிலோ மழையோ, இடது கையில் ஒரு குடை பிடித்திருப்பான். சண்டை வந்தால் சட்டையில் தூசி தட்டுவது போல எதிரியின் தோளில் ஒரு தட்டு. எதிரி மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுவான். இவன் கொட்டாவி விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். தன் பலத்தில் நூற்றுக்கு இரண்டு வீதத்துக்கு மேல் அவன் செலவழித்ததே இல்லை. நாற்பது எபிசோட் ஓடியும் குடையைக் கீழே வைக்கவில்லை.

கலியாணம் முற்றாகி, அக்காவும் கிருஷாந்தும் தொலைபேசியில் கதைக்கத் தொடங்கிய இரண்டாவது கிழமையே அவர்களுக்குள் சண்டை வந்தது. சீதனத்தாலோ மாமியாராலோ இல்லை. ஐந்தாவது எபிசோட்டால்.

அந்த எபிசோட்டில், சின்ன வயதிலிருந்து வாள் பழகிய ஒரு பெண் நாயகனைத் தேடி வருகிறாள். அவன் அவளோடு வெகுநேரம் சண்டை பிடிக்கிறான். தன் சட்டைக்கையை வெட்டவும் விடுகிறான். கடைசியில் களைத்தவன் போல மூச்சு வாங்குகிறான். அவள் சமமாக நின்றுவிட்டேன் என்ற சந்தோசத்தோடு ஊருக்குப் போகிறாள்.

"அது அவன்ரை நல்ல மனசு" என்றார் கிருஷாந். ஒலிபெருக்கியில் போட்டுக் கதைத்ததால் எனக்கும் கேட்டது. "முழுப்பலத்தையும் காட்டினால் அந்தப் பிள்ளை செத்துப் போகும்."

"அவள் கேட்டு வந்தது சண்டை. அவன் குடுத்தது பிச்சை" என்றாள் அக்கா. "அதைவிடத் தோளிலை ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம்."

"நீர் அதை வேறை மாதிரிப் பாக்கிறீர்."

"நான் அந்தப் பிள்ளையின்ரை பக்கத்திலை நிண்டு பாக்கிறன்."

அக்கா அந்தப் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் உண்டு. அப்பாவோடு கரம்போட் விளையாடித்தான் அவள் வளர்ந்தாள். அப்பா தோற்றுக்கொண்டே இருப்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத்தான் விளையாட இருப்பார். "கண்ணாடி போட்டால் காய் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்பது அவர் சொல்லும் நியாயம். வீட்டுச் சம்பியனாகவே பதினாறு வயதை எட்டிய அக்கா, ஊர் வாசிகசாலைப் போட்டிக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு போனாள். எதிரே வந்தது ஏழாம் வகுப்புப் பிள்ளை. அக்காவுக்கு ஒரு காய்கூடக் குழியில் விழவில்லை. வீட்டுக்கு வந்து கரம்போட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தவள், அதன்பிறகு தொடவே இல்லை. அப்பாவோடு அதைப்பற்றிக் கதைக்கவும் இல்லை.

கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். மஞ்சள் கரைத்த தண்ணீர் நிறைந்த பானை. உள்ளே அம்மாவின் மோதிரம்.

"லக்சன், கையை விடு."

எங்கள் கலியாணங்களில் தாலி கட்டியபிறகு கணையாழி எடுத்தல் என்று ஒரு சடங்கு இருக்கிறது. பானைத் தண்ணீருக்குள் ஐயர் மோதிரத்தைப் போடுவார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே நேரத்தில் கைவிட்டு எடுக்க வேண்டும். மூன்று தரம். சுற்றி நிற்கிற சனம் கிரிக்கெட் பார்ப்பது போலச் சத்தம் போடும். மாப்பிள்ளை ஒருதரமாவது விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத விதி. எல்லா மாப்பிள்ளைமாரும் கொடுப்பார்கள். எல்லாப் பெண்களும் தெரியாதது போல வெட்கப்படுவார்கள்.

"நான் வெக்கப்பட மாட்டன்" என்றாள் அக்கா. "அவர் விட்டுத் தந்தால் எனக்குத் தெரியும். பேந்து அவர் சொல்லுற ஒண்டையும் என்னாலை நம்ப ஏலாது. கறி நல்லாயிருக்கு எண்டு சொன்னாலும் ரெண்டு வீதம் எண்டுதான் நினைப்பன்."

"அப்ப அவருக்கு முதலே சொல்லிவிடன்."

"சொல்லிச் செய்தால் அதிலை என்ன இருக்கு? நீயும் சொல்லாதை."

ஒரு மாதமாக என் விரல்கள் ஊறிச் சுருங்கிக் கிடந்தன. விரிவுரைக்கு மஞ்சள் கையோடு போனேன். ஒருநாளும் வெல்லவில்லை.

"நீ விட்டுத் தாறியோ?" என்று அவள் கடைசியில் சந்தேகப்பட்டாள்.

"இல்லை அக்கா. உண்மையாவே ஏலாமல்தான் தோக்கிறன்."

அதைக் கேட்டு அவளுக்கு வந்த நிம்மதியை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கலியாண நாளன்று நான் மாப்பிள்ளைத் தோழன். பெண்ணின் தம்பிக்குரிய உத்தியோகம் அது. மாப்பிள்ளையின் காலைக் கழுவ வேண்டும். அவர் மோதிரம் போடுவார். பிறகு சின்னத் தலைப்பாகையோடு அவருக்குப் பக்கத்தில் இருந்து வேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

பானை வந்தது. ஐயர் மோதிரத்தைப் போட்டார். அவருக்கு நல்லூரில் இன்னொரு கலியாணம் இருந்ததால் மந்திரங்கள் ஏற்கெனவே ஓட்டத்தில் இருந்தன.

முதலாவது தரம் தொடங்கியதும் தெரியவில்லை, முடிந்ததும் தெரியவில்லை. இருட்டான, ஈரமான, ஒடுங்கிய இடத்துக்குள் இரண்டு விரலை விட்டுச் சின்னச் சாமானை வெளியே எடுப்பது கிருஷாந் அத்தானின் அன்றாடத் தொழில் என்பதை நாங்கள் யாருமே யோசித்திருக்கவில்லை. மோதிரத்தோடு கையை எடுத்தவர், தட்டு நீட்டுகிற தாதியைத் தேடுவது போலப் பக்கவாட்டில் பார்த்தார். பழக்கம்.

பெண் வீட்டார் பக்கம் அமைதியானது. அத்தானின் பெரியம்மா ஞானாம்பிகை பின்னாலிருந்து குனிந்தார்.

"தம்பி, உது பல்லில்லை. விட்டுக் குடு."

அக்காவின் கண்கள் மட்டும் மின்னின. அவளுக்கு எதிரி கிடைத்துவிட்டான்.

இரண்டாவது தரம் அத்தானின் கை தண்ணீருக்குள், பஸ்சுக்கு நிற்கிற ஆளைப் போலச் சும்மா நின்றது. முகத்தை மட்டும் சுளித்துத் தேடுவது போலக் காட்டினார். நடிப்பு அவருடைய தொழில் இல்லை. அக்கா மோதிரத்தோடு கையை உயர்த்தியபோது மண்டபம் கைதட்டியது. அம்மா ஆறுதலாக மூச்சு விட்டார்.

அக்கா மோதிரத்தைப் பார்த்தாள். அத்தானைப் பார்த்தாள். அவர் களைத்தவர் போல மூச்சு வாங்கிக் காட்டினார்.

அதைச் செய்திருக்கக் கூடாது.

அக்கா மோதிரத்தைத் திரும்பப் பானைக்குள் போட்டாள். "இது செல்லாது" என்றாள், எனக்கும் அத்தானுக்கும் மட்டும் கேட்கும்படி. முகத்தில் கோபம் இல்லை. பதினாறு வயதில் கரம்போட்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தபோது இருந்த முகம். நான் அதை ஒரேயொரு தரம்தான் பார்த்திருக்கிறேன். இன்னொரு தரம் பார்க்க விரும்பவில்லை.

"தம்பி, நான் என்ன பிழை விட்டனான்?" அத்தான் என் காதுக்குள் கேட்டார்.

அக்கா சொல்லாதே என்றது கலியாணத்துக்கு முதல். இது தாலி கட்டியபிறகு. அப்படி நான் எனக்கு நியாயம் சொல்லிக்கொண்டேன்.

"அத்தான், அஞ்சாவது எபிசோட்."

அவர் திரும்பிப் பானையைப் பார்த்தார். ஐயர், "கெதியா, கெதியா" என்றார். அத்தான் கைமணிக்கூட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். பிறகு இரண்டு கையாலும் தலைப்பாகையைக் கழற்றி, என் மடியில் வைத்தார்.

"தம்பி, சடங்கு முடியேல்லை, அதை ஏன் கழட்டுறாய்?" என்றார் பெரியம்மா.

"சண்டையும் முடியேல்லைப் பெரியம்மா."

குடை கீழே வைக்கப்பட்டுவிட்டது. மண்டபத்தில் அது மூன்று பேருக்குத்தான் விளங்கியது. அக்கா காப்புகளை முழங்கைவரை தள்ளிவிட்டுக்கொண்டாள். காலையிலிருந்து அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

மூன்றாவது தரம் நீண்டுகொண்டே போனது. முழங்கைகள் மோதின. மஞ்சள் தண்ணீர் கூறைச்சேலையில் தெறித்தது. ஐயர் நெய்ச் சட்டியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ரெண்டு பேரும் ஒருக்கால் இஞ்சை பாத்துச் சிரியுங்கோ" என்று கெஞ்சிய வீடியோக்காரரை எவரும் பார்க்கவில்லை. இரண்டுமுறை மோதிரம் அக்காவின் விரலில் ஏறி, இரண்டுமுறையும் நழுவியது. கத்திக்கொண்டிருந்த சனம் மெல்ல மெல்ல அடங்கியது. இப்படி ஒரு கணையாழியை அவர்கள் கண்டதில்லை.

கடைசியில் மோதிரத்தோடு மேலே வந்தது அத்தானின் கை. சுட்டுவிரலில் நகம் கீறி இரத்தம் வந்துகொண்டிருந்தது. இந்தமுறை மூச்சு உண்மையாகவே வாங்கினார்.

"எத்தனை வீதம்?" என்று கேட்டாள் அக்கா.

"நூறு. மிச்சம் ஒண்டும் இல்லை."

அக்கா அவருடைய விரலைப் பிடித்துக் காயத்தைப் பார்த்தாள். சான்றிதழைச் சரிபார்ப்பது போலப் பார்த்தாள். அவளுக்குத் திருப்தி.

சாப்பாட்டுப் பந்தியில் அம்மா கறி பரிமாறுவதும் மாப்பிள்ளையைக் குறை சொல்வதுமாக இருந்தார். "முதல் நாளே விட்டுக் குடுக்கத் தெரியாத மனுசன்." அப்பா மட்டும் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பரவாயில்லைப் பிள்ளை. நீதான் வெண்டிருப்பாய், தண்ணி கனக்க விட்டிட்டாங்கள்."

"இல்லை அப்பா" என்றாள் அக்கா. "நான் வடிவாத் தோத்தனான்."

அப்பா பாயசத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்த கிழமை இருவரும் விருந்துக்கு வந்தார்கள். அத்தான் மூன்று தோசைக்குப் பிறகு, "சம்பலுக்கு உப்புக் கூடிப்போச்சு" என்றார். அம்மாவின் முகம் கறுத்தது. அக்கா மகாராணி போல இருந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் அவள் எழுந்துபோய், சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்த கரம்போட்டைத் தூக்கி வந்து மேசையில் வைத்தாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். காய்களை அடுக்கினாள்.

"அப்பா, வாங்கோ."

அப்பா வந்து எதிரே இருந்தார். வழக்கம்போல மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப்பைக்குள் போடப்போன கை பாதியில் நின்றது. அக்கா பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

அப்பா இடுப்பில் கட்டியிருந்த சாரத்தின் நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டு பக்கமும், அவசரமில்லாமல். பிறகு போட்டுக்கொண்டார்.

அவருடைய முதல் அடியிலேயே மூன்று காய் விழுந்தது.