பன்னிரண்டு டேப்பெட்

மெக்கானிக் ஜஸ்டின் லாரி எஞ்சினிலிருந்து கேம் ஷாப்டை உருவி எடுத்ததும் வெளிச்சத்துக்காகப் பட்டறை வாசலுக்குக் கொண்டுபோனார். இலஞ்சி ரோட்டில் தகரக் கூரை போட்ட பட்டறை அது. காலையிலிருந்து சாரல் விடவில்லை. கழிவுத் துணியால் ஷாப்டைத் துடைத்து, அதில் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த மூக்குகளை ஒவ்வொன்றாகப் பெருவிரலால் தடவினார். நடுவில் ஒரு மூக்கு தேய்ந்து உருண்டையாகிவிட்டிருந்தது.

"பாத்தியாலே முத்து. இந்த மூக்கு டேப்பெட்டத் தூக்கினாத்தான் வால்வு திறக்கும். இங்கன மூக்கே இல்ல. பொறகு எப்படி மேடு ஏறும்?"

சொரிமுத்து கையிலிருந்த டார்ச்சை அணைக்க மறந்து நின்றான்.

"ஆயில் மாத்தாம ஓட்டின வண்டி இது" என்றார் ஜஸ்டின்.

"ஓட்டினது நான்தான் அண்ணே. மாத்தணும்னு சொல்லிக்கிட்டேதான் கெடந்தேன். அடுத்த மாசம், அடுத்த மாசம்னாவ."

அப்படிச் சொன்னவர் நல்லதம்பி அண்ணாச்சி. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சொரிமுத்து அவரிடம் டிரைவராக இருந்தான். இத்தனை வருஷ உழைப்புக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று போன வருஷம் போய் நின்றபோது, அண்ணாச்சி புது லாரி வாங்கியிருந்த நேரம். பழைய லாரியின் சாவியை எடுத்து இவன் கையில் வைத்து, இதுதான் உனக்கு என்றார். ஆர்.சி. புத்தகத்தில் பெயரும் மாறியது. அன்றிலிருந்து சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் அவனை 'மொதலாளி' என்றுதான் கூப்பிட்டார்கள். லோடு கொடுப்பது பழையபடி அண்ணாச்சிதான். டயர் வெடித்தால் மட்டும் முதலாளி பாடு. முதலாளி ஆனபிறகு சொரிமுத்து வாங்கிய ஒரே புதுச் சாமான் தார்ப்பாய். வேறு வண்டித் தார்ப்பாயோடு மாறிவிடக்கூடாது என்று அவன் மனைவி இசக்கிச்செல்வி அதன் நடுவில் சிவப்புப் பெயின்டால் அவன் பெயரைப் பெரிதாக எழுதிக் கொடுத்தாள்.

"எப்போ வேணும் வண்டி?"

"வியாழக்கிழமை மத்தியானம் சந்தைல நிக்கணும் அண்ணே. கொல்லத்துக்கு ஓண லோடு. நிக்கலன்னா இனிமே அந்த லைனே வேற ஆளுக்குன்னு சொல்லிட்டாவ. எனக்கு வேற லோடு யாரு தருவா?"

ஜஸ்டின் ஷாப்டைப் பெஞ்சில் வைத்தார். "கம்பெனி ஷாப்ட் புதுசு போடலாம். இந்த மாடலுக்கு இப்போ வாரதில்ல. மதுரைல சொல்லிவச்சா எங்கனயாவது தேடி அனுப்புவான்."

"அதுக்குள்ள ஓணம் முடிஞ்சிரும்."

"திருநெல்வேலில டூப்ளிகேட் இருக்கு. நாளைக்கே வாங்கிட்டு வரலாம். பாக்கதுக்கு அசல் தோத்துப் போவும். ஆனா இரும்புல உறுதி கெடையாது. லோடோட மலை ஏறினா எத்தன நடை தாங்கும்னு சொல்ல முடியாது. என் கையால அதப் போடமாட்டேன்."

"பொறகு என்னதான் செய்யச் சொல்லுதிய?"

"இதே மாடல் வண்டிய எவனாவது உடைச்சிருந்தா அந்த ஷாப்ட எடுக்கலாம். ஆனா அதோட ஓடின டேப்பெட்டையும் சேத்து எடுக்கணும்."

பிச்சுமணியின் பழைய வண்டிக் கடை ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். உடைத்த லாரிகளின் முகங்கள் மட்டும் சுவரோரம் வரிசையாக நின்றன. இதே மாடல் எஞ்சின் இரண்டு கிடந்தது. ஒன்றின் ஷாப்டில் துரு அரித்துக் குழி விழுந்திருந்ததால் ஜஸ்டின் அதைத் தொட்டதோடு விட்டுவிட்டார். மற்றது குவாரி லாரியுடையது. மூக்குகளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், அளவுக் கருவியை மாட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து, சின்னச் சின்ன இரும்பு உருளைகளாக இருந்த டேப்பெட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தான் கொண்டுவந்திருந்த முட்டை அட்டையின் குழிகளில் முன்னாலிருந்து வரிசையாக வைத்தார். பன்னிரண்டு குழி நிறைந்தது.

"ஒவ்வொண்ணும் அதுஅது மூக்கோட தேஞ்சு பழகினதுலே. புருஷன் பொஞ்சாதி மாதிரி. மாத்தி வச்சா ஒண்ண ஒண்ணு தின்னுரும்."

"நல்லாப் பாத்து எடுங்க" என்றான் பிச்சுமணி. "அவசரமே இல்ல. எல்லா வண்டியும் கடைசில நம்மகிட்டதான வருது."

புதன்கிழமை மத்தியானத்துக்குள் ஷாப்ட் எஞ்சினுக்குள் போய்விட்டது. டேப்பெட் இறக்குவதுதான் பாக்கி. அப்போது ஐந்தருவி பக்கம் சுற்றுலா வேன் ஒன்று நின்றுவிட்டதாக ஜஸ்டினுக்குப் போன் வந்தது.

"போயிட்டு ஓடியாந்திருதேன். அது வரைக்கும் எதையும் தொடாத."

அவருடைய உதவியாள் கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டதால் இரண்டு நாளாகச் சொரிமுத்துதான் கையாள். சும்மா உட்கார அவனால் முடியவில்லை. டேப்பெட்டைத் துடைத்து வைத்தால் அவர் வந்ததும் நேரே இறக்கிவிடலாம் என்று தோன்றியது. வெளிச்சத்துக்காக வாசல் டிரம் மேல் வைத்திருந்த அட்டையில் காலையிலிருந்து சாரல் தெறித்துக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை. ஒரு கையால் தூக்கினான். ஊறிய அட்டை நடுவில் பிய்ந்தது. டேப்பெட்டுகள் சிமென்ட் தரையில் விழுந்து நாலா பக்கமும் உருண்டன.

தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்த செல்வி, அவன் முழங்காலில் தவழ்ந்து லாரிக்கடியில் கைவிட்டுத் துழாவுவதைப் பார்த்தாள். பன்னிரண்டும் கிடைத்துவிட்டன. எது எந்தக் குழியில் இருந்தது என்பதுதான் கிடைக்கவில்லை. அடையாளம் என்று எதுவும் போடவில்லை, குழிதான் அடையாளம்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அண்ணன் வந்ததும் சொல்லிருங்க."

"சொன்னா போடமாட்டாரு."

"போடலன்னா போகுது."

"போடலன்னா லோடு போகுது செல்வி. லைன் போகுது. பொறகு இந்த வண்டிய வச்சு நான் என்ன செய்ய?"

செல்வி தூக்குச்சட்டியைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் சாரலில் இறங்கி நடந்தாள். எதிர்த்த முட்டைக் கடையிலிருந்து காய்ந்த அட்டை ஒன்றை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். அவன் முன்னால் நீட்டினாள்.

தேய்ந்த வட்டங்களை வெளிச்சத்தில் பார்த்து அவன் டேப்பெட்டுகளை அடுக்கினான். விளிம்பு உடைந்த ஒன்று முதல் குழியில் இருந்தது நினைவிருந்தது. நீலம் பாரித்த ஒன்று கடைசி. மற்றதையெல்லாம் சாமி மேல் பாரத்தைப் போட்டு வைத்தான்.

ஜஸ்டின் திரும்பி வந்ததும் அட்டையைத்தான் பார்த்தார். "புதுசா இருக்கு?"

"பழசு நனைஞ்சிட்டு. ஒவ்வொண்ணா எடுத்து மாத்தி வச்சேன்."

"வரிசையா?"

"வரிசையாத்தான் அண்ணே."

அவர் அவன் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு குனிந்து முதல் டேப்பெட்டை எடுத்தார்.

மறுநாள் வண்டி ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. ஜஸ்டின் திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். "உள்ள எங்கனயோ சின்னதாத் தட்டுது. கொஞ்ச நாள் வெறும் வண்டியா ஓட்டேன்லே." சொரிமுத்து தார்ப்பாயை மடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். ஜஸ்டின் கையைத் துடைக்கப் போனார்.

சந்தையில் பூசணியும் வெள்ளரியும் சேனையும் ஏற்றினார்கள். "மொதலாளி, வண்டி குமரி மாதிரி நிக்குல்லா" என்றான் மூட்டை தூக்குகிறவன் ஒருவன். சொரிமுத்தும் சிரித்தான். செங்கோட்டை வரை வண்டி சொன்னபடி கேட்டது. பயம் மெல்ல விட்டுப்போய், டீ குடிக்கக்கூட இறங்கினான்.

புளியரை தாண்டி மலை வளைவு தொடங்கியதும் சத்தம் கேட்டது. கரண்டியால் தகரத்தைத் தட்டுகிற மாதிரி முதலில். கியரைக் குறைத்தான். அடுத்த திருப்பத்தில் சத்தம் இரண்டாகி, மூன்றாகி, வண்டி முழுதும் குலுங்கியது. "இந்த மேடு மட்டும், இந்த ஒரு மேடு மட்டும்" என்று வாய்விட்டுக் கெஞ்சினான். எஞ்சின் இருமிப் புகை கக்கி நின்றது. பின்னால் ஹாரன்கள் அலறின. குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு ஜஸ்டினுக்குப் போன் போட்டான்.

"அண்ணே. நேத்து டேப்பெட்டு கீழ விழுந்துட்டு அண்ணே."

"அட்டையப் பாத்தப்பவே நெனச்சேன்" என்றார் ஜஸ்டின். "ஒன் மூஞ்சியப் பாத்தேன். கேக்க மனசு வரலலே."

அடுத்த போன் அண்ணாச்சிக்கு. அவர் புது லாரியிலேயே வந்துவிட்டார். அவருடைய தங்கை மகன் பேச்சிராஜ் அதை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்திருந்தான். மலைப் பாதை அவனுக்குப் பழக்கமில்லை. செங்கோட்டையிலிருந்து வந்த ஆட்கள் லோடை மாற்ற ஆரம்பித்தார்கள். அண்ணாச்சி குடைக்குள் நின்றுகொண்டு ஒரு வார்த்தை ஏசவில்லை.

"எதுக்குலே அழுத? நான் இருக்கேம்லா. இந்த வண்டிய நீயே எடுத்துட்டுப் போ. பேட்டா பழையபடி தாரேன்."

"என் வண்டி அண்ணாச்சி?"

"அது இனித் தேறாது. பிச்சுமணிகிட்டச் சொல்லிட்டேன். காலைல வந்து இழுத்துட்டுப் போயிருவான். அவன் தாரது லோடு மாத்தின கூலிக்கும் வண்டி வாடகைக்கும் சரியாப் போவும்."

சாரல் வலுத்தது. புது லாரியில் தார்ப்பாய் கொண்டுவரவில்லை. "ஒன் வண்டில கெடக்கதக் கழட்டிக் கட்டு. காய் நனைஞ்சிராம" என்றார் அண்ணாச்சி.

சொரிமுத்து தார்ப்பாயை இழுத்துப் பூசணிக் குவியலின் மேல் விரித்தான். நடுவில் செல்வி எழுதிய சிவப்பு எழுத்துகள் நனைந்து பளிச்சென்று தெரிந்தன. கீழேயிருந்து அண்ணாச்சி குடையைச் சாய்த்து நிமிர்ந்து பார்த்தார்.

"பேரு உள்பக்கமா போற மாதிரி திருப்பிப் போடு. கொல்லத்துக்காரன் யாரு லோடுன்னு கேப்பான்."

அவன் தார்ப்பாயைச் சுருட்டி, புரட்டி, மறுபடியும் விரித்தான். எழுத்து காய்கறியின் மேல் கவிழ்ந்தது. பக்கத்தில் காலி லாரியின் பலகைத் தளத்தில் மழை விழுந்து வெள்ளரி இலைகள் மிதந்தன. கயிற்றை நான்கு மூலையிலும் இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, தளராமல் இருக்கிறதா என்று வழக்கம்போல ஒருமுறை அதைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான்.