அரையா, முக்காலா

டைல்ஸ் ஒட்டுபவர் வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. அவர் வந்து சுவரை மூடிவிட்டால், உள்ளே ஷவருக்கு எந்தக் குழாய் இருக்கிறதோ அதுதான் கடைசிவரை. பிளம்பர் ஒரு கையில் அரை இன்ச் குழாயும் மறு கையில் முக்கால் இன்ச் குழாயுமாக, பஞ்சாயத்து முடியட்டும் என்று குளியலறைக்குள் நின்றார்.

"அரையே போதும்," என்றாள் அம்மா. "ஒடுங்கினாத்தான் தண்ணி வேகமா வரும். செடிக்கு ஊத்துறப்ப டியூப் முனையை அமுக்கினா எப்படிப் பீச்சி அடிக்குது?"

மகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். மூன்று வருடம் இயற்பியல் படித்தவள். வீட்டில் யாருக்கும் அது இதுவரை தேவைப்பட்டதில்லை.

"அது முனையில மட்டும்மா. ஷவருக்குன்னு அப்பா வாங்கின பம்ப் மொட்டைமாடியில இருக்கு. இங்க வர நாப்பது அடி, ஏழு வளைவு. வழி முழுக்க ஒடுக்கமா இருந்தா தண்ணி உரசி உரசியே வேகத்தை விட்டுடும். ஷவர் அழும்."

"சரிங்க டீச்சரம்மா," என்றாள் அம்மா.

"பாப்பா சொல்றது சரிதாங்க," என்றார் பிளம்பர். "ஆனா நான் எல்லா வீட்டுக்கும் அரைதான் போடறேன். இதுவரைக்கும் யாரும் திட்டினதில்ல."

"நீ ஃபோனை எடுத்தாத்தானே திட்டுறதுக்கு," என்றார் கதவோரம் நின்ற அப்பா. "முக்காலே போடு. கொட்டணும்."

மகளுக்கு அதுதான் விளங்கவில்லை. அறுந்த செருப்பையே நாலு முறை தைத்துப் போடுகிறவர், யாரிடமும் சொல்லாமல் போய் பம்ப் வாங்கி வந்திருந்தார்.

"இந்த வயசுல புது மாப்பிள்ளைன்னு நெனப்பு," என்றாள் அம்மா. "தம்பி, நீ அரையைப் போடு."

யார் பேச்சு எடுபடும் என்று பிளம்பருக்குத் தெரியும். அரை இன்ச் குழாயைச் சுவரில் வெட்டியிருந்த பள்ளத்தில் வைத்து அளந்து, பென்சிலால் கோடு போட்டார். ரம்பத்தை எடுத்தார்.

"வெட்டாதப்பா," என்றார் அப்பா.

"ஏங்க, அப்படி என்ன பிடிவாதம்? தண்ணி கம்மியா வந்தா பக்கெட்ல பிடிச்சு சொம்பால ஊத்திக்கோங்க. இத்தனை வருஷம் அப்படித்தானே குளிச்சீங்க? கை என்ன தேஞ்சா போயிடும்?"

அப்பா உள்ளே வந்து இடது கையால் ரம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

"சொம்பைத் தூக்க முடியலடி," என்றார். "நாலு மாசமா வலது கை தோளுக்கு மேல வரமாட்டேங்குது."